கொழும்பில் இருந்து வரலாற்று நாவல்: தேடுவதிலிருந்து வெளியீடு வரை

வரலாற்று நாவல் என்றதும் நம்மில் பலருக்குக் குதிரை, கோட்டை, ஒற்றன், இளவரசி என்றுதான் மனம் ஓடும். சோழர் கதைகளை வாசித்து வளர்ந்த கூட்டம் நாங்கள், அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கொழும்பில் இருந்துகொண்டு எழுதப் போகிறவருக்கு நான் சொல்வது இதுதான்: அரசனை விடுங்கள், ஒரு கிளாக்கரைப் பிடியுங்கள். அரசன் அரிசியை என்ன விலைக்கு வாங்கினான் என்று யாரும் கேட்கப் போவதில்லை. கிளாக்கருக்குச் சம்பளம் உண்டு, அறை வாடகை உண்டு, மாதக் கடைசியில் ஊருக்கு அனுப்ப வேண்டிய காசும் உண்டு. கதை அந்தக் கணக்குகளுக்குள் கிடக்கிறது. அதைத் தோண்டி எடுக்கத் தேவையான ஆவணங்களும் இந்த நகரத்திலேயே, பெரும்பாலும் ஒரு பஸ் தூரத்தில் இருக்கின்றன.

தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று பலர் குறிப்பிடும் 'மோகனாங்கி'யை 1895இல் எழுதியவர் திருகோணமலைக்காரரான த. சரவணமுத்துப்பிள்ளை. அவரும் நாயக்கர் காலத் தமிழகத்தைத்தான் களமாக எடுத்தார். நமது துறைமுகங்களும் தெருக்களும் அன்றிலிருந்தே முறைக்குக் காத்திருக்கின்றன.

விளக்க வசதிக்கு ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஆண்டு 1906. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்த பத்தொன்பது வயதுப் பொடியன் ஒருவன் வேலை தேடிக் கொழும்புக்கு வருகிறான். கோட்டையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பனிக் கந்தோரில் கிளாக்கர் வேலை கிடைக்கிறது. கொட்டாஞ்சேனைப் பக்கம் ஓர் அறையில் தங்குகிறான். தங்கையின் சீதனத்துக்காகச் செட்டியார் தெருவில் கடன் வாங்குகிறான். கையில் இருப்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் தேடலில் வர வேண்டும்.

முதற் படி: ஆண்டைக் குறுக்குங்கள்

'வெள்ளைக்காரன் காலத்தில்' என்று தொடங்கும் நாவல் அந்த வரியிலேயே வழுக்குகிறது. பிரித்தானியர் கொழும்பைப் பிடித்தது 1796இல், போனது 1948இல். இடையில் ஒன்றரை நூற்றாண்டு. அதற்குள் கோட்டை மதில் இடிக்கப்பட்டது, கோப்பி அழிந்து தேயிலை வந்தது, அலைதடுப்புச் சுவர் எழுந்த பிறகு பெரிய கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு வந்தன. காசே மாறியது: இறைசால் (ரிக்ஸ் டொலர்) போய்ப் பவுணும் சிலிங்கும் வந்தன, 1872இல்தான் ரூபாவும் சதமும் வழக்குக்கு வந்தன. 1860இல் நடக்கும் கதையில் ஒருவன் 'ஐந்து சதம் தாருங்கள்' என்றால் விஷயம் தெரிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

ஆகவே ஓர் ஆண்டு, அல்லது இரண்டு. அதற்கு மேல் வேண்டாம். 1906ஐ ஏன் எடுத்தேன் என்றால், வடக்கு ரயில் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது 1905இல். ஒரு வருடம் பின்னே போனால் நம் பொடியன் கப்பலிலோ வண்டியிலோ வர வேண்டியிருக்கும், முதல் அத்தியாயமே வேறு நாவலாகிவிடும். ரயில் ஓடத் தொடங்கிய உடனே கொழும்புக்கு வந்தவர்களுக்கு ஊர் திடீரென்று கிட்ட வந்துவிட்டது. திருநாளுக்குப் போகலாம். தகப்பனும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கலாம். ஒரு ரயில் பாதை குடும்பத்துக்குள் என்ன செய்தது என்பது எழுதத் தக்க பொருள்.

ஆண்டைத் தீர்மானித்ததும் ஒரு கொப்பி வாங்கி, இடப் பக்கத்தில் 'உண்டு' என்றும் வலப் பக்கத்தில் 'இல்லை' என்றும் எழுதுங்கள். 1906க்கு என் பட்டியல் ஏறத்தாழ இப்படிப் போகும்.

உண்டு: 1899இல் தொடங்கிய மின்சார ட்ராம், கோட்டையிலிருந்து பொரளைக்கும் கிராண்ட்பாஸுக்கும். கோட்டை மணிக்கூட்டுக் கோபுரம். காலிமுகத்திடல். யோர்க் வீதியில் புதுக்கருக்குக் கலையாத கார்கில்ஸ் கட்டடம். ஆடிவேல் திருவிழா. அந்த ஆண்டு நடந்த பாரவண்டிக்காரர் வேலைநிறுத்தம்.

இல்லை: நாம் இன்று பார்க்கும் கோட்டை ரயில் நிலையம், அது 1917இல்தான் திறக்கப்பட்டது. புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல், 1908இல் தொடங்கி 1909இல் முடிந்தது. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோவிலின் கருங்கல் கட்டடம், அந்தத் திருப்பணியைப் பொன்னம்பலம் இராமநாதன் தொடங்கியது 1907இல். நம் பொடியன் கும்பிடுவது 1857இல் எழுந்த பழைய கோவிலை. யாழ்தேவி ரயில் கிடையாது, அது 1956இல் வந்தது. வீரகேசரியும் கிடையாது, 1930 வரை பொறுக்க வேண்டும். அவன் கையில் பத்திரிகை இருக்க வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்திலிருந்து வரும் இந்து சாதனத்தையோ உதயதாரகையையோ கொடுங்கள்.

இந்தப் பட்டியல் போடும்போதே காட்சிகள் வந்து விழும். இலங்கை கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி முந்திய நியம நேரத்துக்கு மாறியது 1906 தொடக்கத்தில். கந்தோர் மணிக்கூடு புது நேரம், வீட்டுக்காரியின் மணிக்கூடு பழைய நேரம் என்றால் புது வேலைக்காரனின் முதல் வாரம் எப்படியிருக்கும்? உட்கார்ந்து யோசித்தால் இது கிடைக்காது, தேடினால் கிடைக்கும்.

இரண்டாம் படி: எங்கே தேடுவது

வீட்டிலிருந்தே தொடங்கலாம். 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற இணையவழி எண்ணிம நூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்கள், மலர்கள், பழைய பத்திரிகைகள் பல ஆயிரம் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் போன சமூகத்துக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தனியே சொல்லத் தேவையில்லை. கோவில் கும்பாபிஷேக மலர்களையும் பள்ளி நூற்றாண்டு மலர்களையும் விட்டுவிடாதீர்கள். புகழுரைகளைத் தாண்டிப் போனால் பழைய படங்களும், யார் எந்தத் தெருவில் கடை வைத்திருந்தார் என்பது போன்ற சங்கதிகளும் அகப்படும்.

அடுத்தது கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களம். முன்பு ரீட் அவெனியூ என்று அழைக்கப்பட்ட பிலிப் குணவர்தன மாவத்தையில் இருக்கிறது. அடையாள அட்டை கொண்டு போங்கள், பென்சில் கொண்டு போங்கள், படமெடுக்கலாமா என்பதை முதலே கேட்டுக்கொள்ளுங்கள். அரச அலுவலக நேரம் என்பதால் வேலைக்குப் போகிறவர்கள் லீவு போட வேண்டிவரும். அதனால் 'சும்மா போய்ப் பார்ப்போம்' என்று போகாதீர்கள். எந்தப் பத்திரிகை, எந்த மாதம், எந்த அறிக்கை என்று எழுதிக்கொண்டு போனால் பின்னேரம் கையில் ஏதாவது இருக்கும்.

அங்கே மூன்று வகை ஆவணங்கள் நாவலாசிரியருக்குத் தங்கம். ஒன்று, பத்திரிகைகள். நான் தலைப்புச் செய்தியைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் விளம்பரம், அப்புறம் ஏல அறிவித்தல், கப்பல் வருகை, பொலிஸ் கோர்ட்டுச் செய்தி. என்ன விற்றார்கள், என்ன திருடினார்கள், எதற்காக அடிபட்டார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஒரு மாதத்துப் பத்திரிகையை ஒரு நாளும் விடாமல் வாசியுங்கள். ஒரு வருடத்தைத் தாவித் தாவி மேய்வதைவிட அது பல மடங்கு பயன் தரும், ஏனென்றால் அந்த மாதத்தில் வாழ்ந்தவனுக்கு அடுத்த மாதம் என்ன நடக்கும் என்று தெரியாது. உங்களுக்கும் அந்தத் தெரியாமை வேண்டும்.

இரண்டு, பெர்குசன் டைரக்டரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வெளிவந்த இந்தக் கையேட்டில் கம்பனிகள், கந்தோர்கள், உத்தியோகத்தர்கள், தோட்டங்கள் எல்லாம் வரிசையாக உண்டு. நம் பொடியனின் கற்பனைக் கம்பனியை எந்தத் தெருவில் வைக்கலாம், பக்கத்துக் கட்டடத்தில் யார் என்பதெல்லாம் இதில் பார்த்துத் தீர்மானிக்கலாம்.

மூன்று, அரசாங்கத்தின் நீலப் புத்தகங்கள் என்ற ஆண்டுப் புள்ளிவிவரத் தொகுப்புகளும் நிர்வாக அறிக்கைகளும். பார்த்தால் தூக்கம் வரும் அட்டவணைகள். ஆனால் சாமான் விலை, கூலி, சம்பளம் எல்லாம் அங்கேதான். நாவலின் முதுகெலும்பை நான் இந்தத் தூக்கத்திலிருந்துதான் எடுப்பேன்.

கொழும்பு அருங்காட்சியகம் 1877இல் திறக்கப்பட்டது. அதன் நூலகத்தில் ஏட்டுச் சுவடிகளும் பழைய அச்சு நூல்களும் உண்டு. வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது, சங்கம் தொடங்கியது 1942இல். அந்த ஏப்ரலில்தான் ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன என்பதையும் யாராவது நாவலில் சேர்க்கலாம். வரைபடங்களுக்கு நில அளவைத் திணைக்களம், நாரஹேன்பிட்டிப் பக்கம் கிருள வீதியில். படங்களுக்கு, 1906ஐ எடுப்பவருக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம்: ஆர்னல்ட் ரைட் பதிப்பித்த இலங்கை பற்றிய பெருநூல் 1907இல் வெளிவந்தது, கம்பனிகள், தெருக்கள், வீடுகள், குடும்பங்கள் என்று படங்கள் குவிந்து கிடக்கும். எல்லோரும் மடிப்புக் கலையாமல் நிற்கிறார்கள் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். கமராவுக்கு வெளியே நின்றவன்தான் நம் ஆள்.

இன்னும் பழைய காலத்துக்குப் போக விரும்புவோருக்கு ஒரு வார்த்தை. ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தது 1656இல், யாழ்ப்பாணத்தை 1658இல். தோம்புகள் எனப்படும் அவர்களுடைய பதிவேடுகளில் காணி, உரிமையாளர், குடும்பம், தென்னை, கமுகு, பலா எண்ணிக்கை வரைக்கும் பதிந்திருக்கிறார்கள். ஒரு வளவில் எத்தனை பலா நின்றது என்று தெரிந்துகொண்டு எழுதும் சுகம் தனி. ஒல்லாந்த மொழி தெரியாவிட்டாலும் முழுக்கக் கதவடைப்பு இல்லை. பதவி விட்டுப் போகும் தளபதிகள் அடுத்தவருக்கு எழுதிவைத்த குறிப்புகள் சில ஆங்கிலத்தில் உண்டு, 1697இல் சுவார்டகுரூன் யாழ்ப்பாணம் பற்றி எழுதியது அவற்றில் ஒன்று. சீதனம், முதுசம் பற்றி எழுதுவதானால் 1707இல் தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தின் பழைய வரலாறு சொல்லும் யாழ்ப்பாண வைபவமாலையையும் வாசியுங்கள், ஆனால் அதை ஆண்டுக் கணக்குக்கு நம்பாதீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டு மனிதர் தம் பழைய காலத்தை எப்படி நினைத்தார்கள் என்பதற்கு நம்புங்கள். அதற்கும் முந்தியது வேண்டுமென்றால் அருங்காட்சியகத்தில் 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட காலிக் கல்வெட்டின் முன் நில்லுங்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ காலத்தது. சீனம், பாரசீகம், தமிழ் மூன்றிலும் எழுதி, மூன்று சமயத்துக்கும் காணிக்கை சொல்லியிருக்கிறது. தமிழ்ப் பகுதியை எழுதிக் கொடுத்தவர் யாராக இருக்கும்? அதுவே ஒரு நாவல்.

குறிப்பு எடுக்கும்போது ஒரே ஒரு கட்டாயம்: எங்கே வாசித்தீர்கள் என்பதை அந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்டால் எழுத மாட்டீர்கள்.

மூன்றாம் படி: காசு, தூரம், நேரம்

சேர்த்ததை எல்லாம் இப்போது உங்கள் ஆளின் மேல் சுமத்த வேண்டும். அவனுக்காக ஒரு மாதக் கணக்கு எழுதுங்கள். வரவு ஒரு பக்கம்: சம்பளம். செலவு மறுபக்கம்: அறை, சாப்பாடு, வண்ணான் கூலி, ட்ராம், ஊருக்கு அனுப்பும் காசு, செட்டியாரின் வட்டி. கணக்கு உதைக்கும் இடத்தில்தான் கதை தொடங்குகிறது. வட்டி கட்டினால் ட்ராம் இல்லை, ட்ராம் இல்லையென்றால் மழையில் நடை, மழையில் நடந்தால் ஒரே ஒரு நல்ல கோட் நனையும், நனைந்த கோட்டுடன் வெள்ளைக்காரத் துரை முன் நிற்க முடியாது. இதைக் கண்டுபிடித்தால் உங்களுக்கு வில்லன் தேவைப்படாது.

தூரத்தையும் நேரத்தையும் இதே மாதிரிப் பிடியுங்கள். ஊரிலிருந்து கடிதம் வர எத்தனை நாள்? தந்தி அடிக்க எவ்வளவு? தகப்பன் செத்த செய்தி எப்போது கைக்கு வரும், கொள்ளி வைக்க நேரத்துக்குப் போய்ச் சேர முடியுமா? கைத்தொலைபேசி வந்த பிறகு பிறந்தவர்கள் எழுதும் வரலாற்று நாவல்களில் செய்தி எப்போதும் வேகமாகப் போய்விடுகிறது. பழைய வாழ்க்கையின் பாதிச் சோகமும் பாதிச் சிரிப்பும் செய்தி பிந்தியதால் வந்தவை.

நான்காம் படி: நடந்து பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் புறக்கோட்டை ஓரளவு அமைதியாக இருக்கும். கொட்டாஞ்சேனையில் தொடங்கி, 1757இல் திறந்த வுல்வெண்டால் தேவாலய மேட்டில் ஏறி இறங்கி, கேய்மன்ஸ் கேட் மணிக்கோபுரத்தடியில் நின்று, செட்டியார் தெருவில் பழைய கதிரேசன், புதிய கதிரேசன் கோவில்களைக் கடந்து, பிரதான வீதியால் கோட்டைக்குள் போங்கள். கைபேசியில் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றம் எங்கே, நிழல் எங்கே, கடல் காற்று எந்த முடக்கில் முகத்தில் அடிக்கிறது என்பவை நூறு வருடத்தில் அவ்வளவாக மாறுவதில்லை. பேரை வாவி மாறிவிட்டது, நிறையச் சுருங்கிவிட்டது. அதற்குப் பழைய வரைபடத்தைப் பாருங்கள்.

காலநிலையில் கவனம் வேண்டும். கொழும்பில் தென்மேற்குப் பருவம் மே முதல் செப்டெம்பர் வரை, யாழ்ப்பாணத்துக்கு மழை கொண்டுவருவது வடகிழக்கு. ஊர் ஆள் கொழும்பு மழையைப் பார்த்துத் திகைப்பான். நிலவு வேண்டுமென்றால் அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைத் தேடுங்கள், அல்லது கணினியில் திதி கணித்துக்கொள்ளுங்கள். அமாவாசை அன்று காதலர்களை நிலவில் உட்கார வைத்தால் யாராவது ஓய்வுபெற்ற ஆசிரியர் நிச்சயம் கடிதம் எழுதுவார்.

ஐந்தாம் படி: எழுதுவது

தேடல் ஒரு போதை. முடிந்தது என்று ஒருபோதும் தோன்றாது. மாதக் கணக்கை எழுத முடிந்த நாளே எழுதத் தொடங்கச் சரியான நாள். தெரியாத இடத்தில் ஒரு அடையாளம் போட்டுவிட்டு மேலே போங்கள், அந்த அடையாளங்களே அடுத்த சுவடிக்கூடப் பயணத்தின் பட்டியல்.

சேர்த்ததில் பெரும்பகுதியை வெளியே விட வேண்டிவரும். இரண்டு விதமாக எழுதிக் காட்டுகிறேன்.

'1899இல் ஆரம்பிக்கப்பட்ட மின்சார ட்ராம் வண்டியில் ஏறிய அவன், கார்கில்ஸ் நிறுவனத்தின் புதிய செந்நிறக் கட்டடத்தைக் கண்டு வியந்தான்.' இது பாடப்புத்தகம்.

'ட்ராமுக்கு வைத்திருந்த சில்லறையைத் தடவிப் பார்த்தான். மழை விடுகிற மாதிரி இல்லை. சப்பாத்தைக் கழற்றிக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு இறங்கி நடந்தான்.' ஆண்டு இல்லை, விளக்கமும் இல்லை. ஆனாலும் இது கணக்கு எழுதியவரால்தான் எழுத முடியும்.

பேச்சு தனி வேலை. கொழும்பு அன்றும் பல தமிழ்களின் ஊர். கொட்டாஞ்சேனையில் அறை கொடுத்த யாழ்ப்பாணத்து ஆச்சி, 'தம்பி, விடிய எத்தினை மணிக்கு வெளிக்கிடுவீர்?' என்பார். செட்டியார், 'வட்டியை மாசக் கடைசியில கொண்டாந்து குடுத்துருங்க தம்பி' என்பார். எல்லோரையும் ஒரே மேடைத் தமிழில் பேச வைத்தால் நகரமே செத்துவிடும். அதேவேளை நூறு வருடத்துக்கு முந்திய பேச்சை அப்படியே பிடிக்கவும் முடியாது, தேவையும் இல்லை. இன்று புதிதாக வந்த சொற்களைக் களைந்தாலே பாதி வேலை முடிந்தது. சந்தேகமென்றால் 1842இல் வந்த மானிப்பாய் அகராதியையோ 1862இல் வந்த வின்ஸ்லோ அகராதியையோ புரட்டிப் பாருங்கள்.

சொற்களைவிட நினைப்புதான் அதிகம் காட்டிக்கொடுக்கும். 1906இன் கிளாக்கருக்குச் சாதி பற்றி இன்றைய நமது கருத்து இருக்காது. அவனை நல்லவனாக்க அதை இரவல் கொடுக்காதீர்கள். அவன் யாருடைய வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை என்பதை எழுதுங்கள், வாசகர் பார்த்துக்கொள்வார்.

ஆறாம் படி: உண்மை ஆட்களும் கிட்டிய காலமும்

இராமநாதன் போன்ற பொது மனிதர்கள் தூரத்தில் வண்டியில் போகலாம், கூட்டத்தில் பேசலாம். அவர்கள் வாயில் நீங்கள் எழுதிய வசனத்தை நீளமாகத் திணிப்பது எனக்கு உடன்பாடில்லை. நடுவில் நிற்பவர்கள் கற்பனை ஆட்களாக இருக்கட்டும். புத்தகத்தின் கடைசியில் ஒரு பக்கம், எது நடந்தது, எது நான் கட்டியது என்று எழுதிவிடுங்கள்.

தமிழருக்கு எதிரான வன்முறை நடந்த 1958, 1977, 1983 பற்றி எழுதுவது வேறு விஷயம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உங்களுக்கு முன் உட்கார்ந்து சொல்கிறவர் அன்று வீட்டை விட்டு ஓடியவர். ரெக்கோர்டரை எடுக்குமுன் கேளுங்கள். முதற் சந்திப்பில் தெருவையும் கடைகளையும் அயலவரையும் பற்றி மட்டும் கேட்டால் போதும், மற்றதை அவர் சொல்ல நினைத்தால் சொல்வார். எழுதியதை அச்சுக்குப் போகுமுன் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். வேண்டாமென்று அவர் சொன்ன வரியை எடுத்துவிடுங்கள்.

ஏழாம் படி: வாசகரிடம்

கையெழுத்துப் பிரதியை மூன்று விதமான ஆட்களிடம் கொடுங்கள்: வரலாறு தெரிந்த ஒருவர், அந்தத் தெருவில் வளர்ந்த ஒருவர், இரண்டும் தெரியாமல் கதை மட்டும் வாசிக்கும் ஒருவர். மூன்றாமவர் எங்கே கீழே வைத்தார் என்று கேளுங்கள். பெரும்பாலும் நீங்கள் பெருமைப்பட்ட ஆராய்ச்சிப் பக்கமாகத்தான் இருக்கும்.

அச்சுக்கு முன் ஐஎஸ்பிஎன் எண்ணைச் சுதந்திர அவெனியூவில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் பெறலாம். பதிப்புரிமை 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பின் 70 ஆண்டுகளுக்கும் உண்டு. பழைய படமொன்றை அட்டைக்கு எடுப்பதானாலும் இதே கணக்கைப் பார்க்க வேண்டும். நம்மூரில் முதற் பதிப்பு பெரும்பாலும் சில நூறு பிரதிதான். அதிகம் அடித்துக் கட்டிலுக்குக் கீழே அடுக்காதீர்கள்.

வெளியீட்டு விழா நடைமுறை உங்களுக்குத் தெரிந்ததுதான்: தமிழ்த்தாய் வாழ்த்து, தலைமையுரை, முதற் பிரதி, நயவுரை, கடைசியில் களைத்துப்போன சபைக்கு ஏற்புரை. முதற் பிரதிக்கும் சிறப்புப் பிரதிக்கும் என்வலப்பில் வரும் காசில்தான் அச்சகக் கணக்குத் தீரும், அதைக் கேலி செய்யும் வசதி நமக்கு இல்லை. நான் மாற்றுவதென்றால் உரைகளில் இரண்டைக் குறைத்து, நாவலிலிருந்து ஒரு அத்தியாயத்தை நல்ல குரலுள்ள ஒருவரைக் கொண்டு வாசிக்க வைப்பேன். இன்னும் நல்லது, வாசகர்களைக் கூட்டிக்கொண்டு அந்த ஞாயிறு நடையைப் போவது. செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்கு முன் புத்தகம் கையில் இருந்தால் வசதி. செட்டியார் தெரு, வெள்ளவத்தைப் புத்தகக் கடைகளுக்கு நேரே போய்க் கொடுங்கள், பிரதி எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

விற்பனை ஓய்ந்த பிறகு பிரதியொன்றை நூலகம் எண்ணிம நூலகத்துக்கு அனுமதிக் கடிதத்துடன் அனுப்புங்கள். வாசகர்கள் உங்களிடம் கொண்டுவந்து காட்டும் பழைய கடிதங்கள், ரயில் டிக்கட்டுகள், செட்டியார் கடன் துண்டுகள் இருக்குமே, சொந்தக்காரர் சம்மதித்தால் அவற்றையும் ஸ்கேன் செய்ய அனுப்பிவிடுங்கள். அடுத்து 1906ஐ எழுத வருகிறவருக்கு உங்கள் நாவலைவிட அவைதான் தேவைப்படும்.